தவுச்சான் போர்க் கல்லறைக்குப் போகிறவர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள்

யாங்கோனில் (அன்றைய ரங்கூன்) குடியிருக்கும் தமிழர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அடிக்கடி வரும் விசாரிப்பு ஒன்று உண்டு: “எங்க தாத்தா பர்மா சண்டையில போனவர். அவருக்கு அங்கே கல்லு ஏதாவது இருக்கா?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

பர்மாவில் இறந்துபோனார் என்பது மட்டும்தான் தெரியும். தேடலை எங்கிருந்து தொடங்குவது?

அவர் எந்த வழியாகப் பர்மா மண்ணை மிதித்தார் என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் வந்தாரா? நேதாஜியின் படையில் வந்தாரா? மலாயாத் தோட்டத்திலிருந்து ரயில் பாதை போடக் கொண்டுவரப்பட்டாரா? இல்லை, இங்கேயே அரிசி ஆலையிலோ துறைமுகத்திலோ செட்டியார் கடையிலோ வேலை பார்த்து, ஜப்பான்காரர் குண்டு போட்டபின் 1942இல் ஊருக்கு நடந்தே கிளம்பினாரா? நாலு பேருக்கும் நாலு கதை. பெயர் பொறித்த இடம் இருப்பது முதலாமவருக்கு மட்டும். மற்றவர்களைப் பற்றிக் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

பட்டாளத்துக்காரர் என்றால் வீட்டுப் பெட்டியைக் கிளறுங்கள். பாட்டி வாங்கிய குடும்ப பென்ஷன் புத்தகம், பழைய மணியார்டர் துண்டு, பதக்கம், இதில் எது கிடைத்தாலும் நல்லது. பதக்கத்தின் விளிம்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், எண்ணும் பெயரும் வெட்டியிருக்கலாம். அந்தப் படை எண் ஒன்று கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அடுத்து, இந்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடுங்கள். காசு எதுவும் கிடையாது. இங்கேதான் நம்மவர்கள் பலர் மனம் உடைந்து திரும்பிவிடுகிறார்கள். பெயரை நாம் இன்று எழுதுகிற மாதிரி ஆங்கிலத்தில் அடித்தால் வராது. ஆள் சேர்த்த முகாமில் இருந்த எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் அது. முத்துசாமி என்றால் ஒரு ‘டி’ போட்டு, இரண்டு ‘டி’ போட்டு, ‘எச்’ சேர்த்து, சேர்க்காமல், சாமியை ஸ்வாமி ஆக்கி, எல்லா விதத்திலும் பார்க்க வேண்டும். இனிஷியல் பல பதிவுகளில் இருக்காது. வயதும் சரியாக இருக்காது, படையில் சேரக் கூட்டிச் சொன்ன வயதாக இருக்கும்.

பெயரை விட்டுவிட்டு இடத்தை வைத்துத் தேடுவதும் நல்ல வழி. நினைவிடம் என்ற கட்டத்தில் ரங்கூன் மெமோரியல் (தவுச்சானில் உள்ள பெயர்ச்சுவர்), படை என்ற கட்டத்தில் இந்தியா என்று குறுக்கிக்கொண்டு, வருகிற பதிவுகளின் கீழே உள்ள கூடுதல் விவரத்தைப் படியுங்கள். இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்ன ஊர், இன்ன ஜில்லா என்று பலருக்கு எழுதியிருப்பார்கள். ஜில்லாக்கள் அன்றைய பெயரில் இருக்கும்: டின்னவெல்லி, டிரிச்சினோப்பொலி, ராம்நாட், வட ஆற்காடு. தாத்தாவின் பெயர் எப்படிச் சிதைந்திருந்தாலும், பாட்டியின் பெயரும் ஊரின் பெயரும் ஒத்துப்போனால் ஆள் அவர்தான்.

தவுச்சான் எங்கே இருக்கிறது? எப்படிப் போவது?

யாங்கோனுக்கு வடக்கே, விமான நிலையத்தையும் தாண்டிப் பியே சாலையிலேயே இருக்கிறது. டாக்சி பேசிப் போய்வர அரை நாள் ஒதுக்குங்கள். ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படித்து ‘டவுக்கியான்’ என்றால் ஓட்டுநருக்குப் புரியாமல் போகலாம். தவுச்சான் என்றே சொல்லுங்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. காலையில் போங்கள், மதிய வெயிலில் அந்தப் புல்வெளியில் நிழல் குறைவு.

நகருக்குள்ளேயே ரங்கூன் போர்க் கல்லறை என்று இன்னொன்றும் உண்டு. 1945 மே மாதம் ரங்கூனை மீட்டபின் புதைக்கத் தொடங்கிய இடம், 1,381 கல்லறைகள். தவுச்சானில் உள்ள பெயர்ச்சுவருக்கும் ரங்கூன் மெமோரியல் என்றுதான் பெயர். இந்த ஒற்றுமையால் நகரக் கல்லறைக்குப் போய் வரிசை வரிசையாகத் தேடி, இல்லை என்று திரும்பியவர்கள் உண்டு. பதிவில் ‘மெமோரியல்’ என்று இருந்தால் நேரே தவுச்சான்தான்.

கல்லறை ஒன்று, பெயர்ச்சுவர் ஒன்று என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

தவுச்சானுக்குள் நுழைந்ததும் புல்தரையில் வரிசையாகத் தெரிபவை கல்லறைகள், குட்டையான கல்மேடையின் மேல் வெண்கலத் தகடு. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களின் கல்லறைகள் 6,374. அவற்றில் 867 பேர் யாரென்றே தெரியாது. 1951இல் தொடங்கிய இடம் இது. அக்யாப், மண்டலே, மெய்க்டிலா, சமோ ஆகிய ஊர்களின் போர்க்களக் கல்லறைகளுக்குப் போய்ப் பராமரிக்க வழியில்லாததால், அங்கிருந்தவர்களை எடுத்துவந்து இங்கே அடக்கம் செய்தார்கள்.

நடுவில் நீளமாக, கூரையிட்ட தூண் வரிசைகள் இரு பக்கமும் விரிந்து, மத்தியில் வட்ட மண்டபத்தோடு நிற்பதுதான் பெயர்ச்சுவர். உடல் கிடைக்காதவர்கள், கல்லறை தெரியாதவர்கள் கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்கள் அந்தத் தூண்களில் இருக்கின்றன. 1958 பிப்ரவரி 9ஆம் தேதி திறந்தார்கள். மதராஸ் ரெஜிமென்ட், மதராஸ் சாப்பர்கள் (பொறியாளர் படை) போன்ற படைகளில் இருந்த நம்மவர்களைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் இதுதான். சாலை போட்ட, பாலம் கட்டிய, மூட்டை சுமந்த பயனியர் படைக்காரர்களையும் இங்கேயே தேடுங்கள். துப்பாக்கி பிடித்தவர்களுக்குக் கொடுத்த அதே அளவு எழுத்துதான் அவர்களுக்கும். சிப்பாய்க்குச் சின்ன எழுத்து, அதிகாரிக்குப் பெரிய எழுத்து என்ற பேதம் இல்லை.

மூன்றாவதாக ஒரு நினைவுச்சின்னமும் இருக்கிறது, பலர் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். தங்கள் மத வழக்கப்படி தகனம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கானது அது. இந்துக் குடும்பத்தார் “எங்களவருக்கு ஏன் கல்லறை இல்லை?” என்று வருத்தப்பட்டுக் கேட்பார்கள். எரித்தவருக்குக் கல்லறை எப்படி இருக்கும்? கூட இருந்தவர்கள் அந்தக் காட்டிலும் முறைப்படி தீ வைத்து அனுப்பினார்கள் என்பதற்கு அங்கே உள்ள பெயரே சாட்சி. அதை அறிந்து ஆறுதலடைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

தூணில் பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

இணையப் பதிவில் ‘ஃபேஸ்’ என்று போட்டு ஒரு எண் இருக்கும். தூணின் எந்த முகம் என்பதற்கான எண் அது. அதைக் கட்டாயம் எழுதிக்கொண்டு போங்கள். அது இல்லாமல் 27,000 பெயரில் துழாவுவது நடக்காத காரியம். முகத்துக்குள் படைப்பிரிவு, அதற்குள் பதவி, அதற்குள் ஆங்கில அகர வரிசை. ஹவில்தார், நாயக், சிப்பாய் என்று இறங்கிவரும். மேலே உள்ள பெயர்கள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் இருக்கலாம், போன் கேமராவைப் பெரிதாக்கிப் படியுங்கள்.

கண்டுபிடித்ததும் அவசரமாகப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, தன் அப்பாவின் பெயரைச் சேலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தார். பாசி ஒன்றும் இல்லை, சுத்தமாகத்தான் இருந்தது. துடைத்துவிட்டு, அந்தப் பெயருக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு பெயர்களை எங்கள் வாயால் படிக்கச் சொல்லிக் கேட்டார். “இவங்களுக்கு யாரும் வந்திருக்காங்களான்னு தெரியலையே” என்றார். அதன் பிறகு நான் கூட்டிப்போகிற எல்லாரிடமும் அக்கம்பக்கத்துப் பெயர்களையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறேன். பஞ்சாபிப் பெயர், கூர்க்காப் பெயர், ஆப்பிரிக்கப் பெயர் எதுவானாலும் படியுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த படைகள் இந்தக் காடுகளில் செத்திருக்கின்றன, அவர்கள் வீட்டார் வருவது இன்னும் அரிது.

தமிழில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

இல்லை. பெயர்கள் ஆங்கில எழுத்தில். வட்ட மண்டபத்தில் உள்ள அர்ப்பணிப்பு வாசகம் ஆங்கிலம், பர்மியம், இந்தி, உருது, குர்முகி ஆகியவற்றில் இருக்கிறது. சுதந்திர மனிதர் எல்லாருக்காகவும் இவர்கள் உயிர் விட்டார்கள் என்பது அதன் சாரம். தோழர்களுக்குக் கிடைத்த இறுதிச் சடங்கு போரின் போக்கால் இவர்களுக்குக் கிடைக்காமல் போனது என்றும் அங்கே எழுதியிருக்கிறது. தமிழ் இல்லாதது எனக்குக் குறையாகத்தான் படுகிறது. நம் வாயால் நாலு வார்த்தை தமிழில் பேசிவிட்டு வருவதை யாரும் தடுக்கப்போவதில்லை.

பூ, சூடம், தேங்காய் வைக்கலாமா?

பூ வைக்கலாம், மாலையைத் தூணின் அடியில் வைக்கலாம். சூடம் கொளுத்துவதையும் தேங்காய் உடைப்பதையும் அங்கே செய்ய வேண்டாம் என்பேன், கல்லில் கரி ஏறும், எண்ணெய் இறங்கும். சந்தனமும் குங்குமமும் எழுத்தின் மேல் பூசாதீர்கள். வேறு மதத்தவரும் அதே தூணில் இருக்கிறார்கள்.

படையல் போட்டு முறையாகச் செய்ய நினைப்பவர்கள் நகருக்குத் திரும்பிக் கோவிலில் செய்யுங்கள். அனோரத்தா சாலையில் காளியம்மன் கோவில் இருக்கிறது, 1871இல் தமிழர்கள் கட்டியது. அதே சாலையில் வரதராஜப் பெருமாள் கோவிலும் உண்டு. குருக்களிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் போதும். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பல, பர்மிய வழக்கப்படி ஏதாவது ஒரு சௌங்கில் (பௌத்த மடத்தில்) பிக்குகளுக்குச் சோறு போட்டு, தண்ணீர் வார்த்துப் புண்ணியத்தை இறந்தவருக்குச் சேர்ப்பதும் உண்டு. இந்த மண்ணிலேயே கலந்துவிட்டவருக்கு இந்த மண்ணின் முறையிலும் செய்வது பொருத்தம் என்றே நினைக்கிறேன். கிறிஸ்தவர்கள் நவம்பர் 2, கல்லறைத் திருநாளையொட்டி மெழுகுவத்தியோடு வருவார்கள். முஸ்லிம் குடும்பத்தார் கல்லறை அருகே நின்று பாத்திஹா ஓதிவிட்டுப் போவார்கள்.

இறந்த தேதி தெரியாது. திதி எந்த நாளில் கொடுப்பது?

ஆணையத்தின் பதிவில் பெரும்பாலும் தேதி இருக்கும். அதைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் திதி கிடைத்துவிடும், உங்கள் ஊர் ஐயரே கணித்துத் தருவார். காணாமல் போனவர் என்றால் காணவில்லை என்று குறித்த நாளையே இறந்த நாளாகப் போட்டிருக்கலாம். தேதியே இல்லாதவர்களுக்கு மகாளய அமாவாசை இருக்கவே இருக்கிறது.

நவம்பரில் நடக்கும் அஞ்சலிக்கு நாமும் போகலாமா?

முதல் உலகப் போர் ஓய்ந்த நவம்பர் 11ஐ ஒட்டித் தவுச்சானில் தூதரகங்கள் அஞ்சலி செலுத்துவது வழக்கம். குடும்பத்தார் என்று முன்கூட்டியே தூதரகத்துக்கு எழுதிக் கேளுங்கள். ஆனால் தாத்தாவிடம் தனியாக நின்று பேச வேண்டும் என்றால் வேறு நாளில் போவதே நல்லது.

தாத்தா நேதாஜி படையில் இருந்தவர். அவர் பெயர் அங்கே இருக்குமா?

இருக்காது. தவுச்சான் தூண்களில் இருப்பது பிரிட்டிஷ் கொடியின் கீழ் இருந்த படைகளில் இறந்தவர்கள் மட்டும். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாத் தமிழர்கள் ஏராளம், ஜான்சி ராணி படையில் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். 1944 தொடக்கத்தில் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசின் தலைமையிடமே ரங்கூனுக்கு வந்தது. இம்பால் பக்கத்திலும், 1945இல் ஐராவதிக் கரையிலும், போப்பா மலைப் பக்கத்திலும், பின்வாங்கிய வழியெல்லாமும் அவர்கள் செத்தார்கள்.

ரங்கூனில் அவர்களுக்காகப் போய் நிற்க வேண்டுமானால் நான் சொல்லும் இடம் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரின் அடக்கத்தலம். 1943 செப்டம்பரில் நேதாஜியும் படையும் அங்கே வணக்கம் செலுத்தினார்கள். மணிப்பூரில் மொய்ராங்கில் அந்தப் படைக்கு நினைவகம் இருக்கிறது. ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்தப் பக்கமும் தம்பி அந்தப் பக்கமுமாக இருந்திருக்கலாம். இரண்டு பேருக்கும் சேர்த்தே கும்பிடுங்கள்.

சயாம் மரண ரயிலில் செத்தவர்களுக்கு?

இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்கு மிகவும் கஷ்டம்.

தாய்லாந்தின் பான்பொங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க் கைதிகள் வேலை செய்தார்கள், பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்) கூலி என்று ஆசைகாட்டியும், வராதவர்களைப் பிடித்து லாரியில் ஏற்றியும் கொண்டுபோனார்கள். பர்மாவுக்குள்ளிருந்தும் ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். எல்லா நாட்டுத் தொழிலாளரையும் சேர்த்து 80,000 முதல் ஒரு லட்சம் பேர் வரை செத்திருப்பார்கள் என்பது ஆணையத்தின் மதிப்பீடு.

ஏன் இத்தனை சாவு? 1943 மழைக்காலத்தில் காலரா முகாம் முகாமாக ஏறியது. கைதிகளிடம் தங்கள் பட்டாளத்து மருத்துவர்கள் இருந்தார்கள், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லிக் கட்டுப்படுத்த அதிகாரிகள் இருந்தார்கள். செத்தவரைப் புதைத்த இடத்தை ரகசியமாகக் குறித்தும் வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளோடு ஒரு குழு பாதை நெடுகத் தேடிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கண்டெடுத்தது. தோட்டத்துச் சனத்துக்கு மருத்துவர் இல்லை, கணக்கெழுத ஆளில்லை. புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையுமாக வந்தவர்கள் ஒரே வாரத்தில் அடையாளமில்லாமல் போனார்கள்.

தன்பியூசயாத் மோல்மீனுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கே உள்ள போர்க் கல்லறையில் காமன்வெல்த் வீரர்கள் 3,149 பேரும் டச்சுக்காரர்கள் 621 பேரும் இருக்கிறார்கள். புல் வெட்டி, பூச்செடி வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் துடைத்துப் பராமரிக்கிறார்கள். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை, அவர்களும் பட்டினியில் செத்த பிள்ளைகள்தான். நம் சனத்துக்கு ஒரு பெயர்ப்பலகை இல்லையே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. எல்லைக்கு அப்பால் காஞ்சனபுரியில், தாவோர்ன் வராராம் பௌத்தக் கோவில் வளாகத்தில் நடுகல் அமைக்கத் தமிழர்கள் முயற்சி எடுத்தார்கள், 2024இல் தமிழக அரசு அதற்குப் பத்து லட்சம் ரூபாய் அறிவித்தது. பர்மா பக்கத்திலும் அப்படி ஒன்று வர வேண்டும்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது இது. வீட்டில் சொல்லக் கேட்ட பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் பிடித்துப்போனார்கள், திரும்பி வந்தவர் யார், அவர் என்ன சொன்னார், எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். வயதானவர் யாராவது நினைவோடு இருந்தால் குரலைப் பதிவு செய்யுங்கள். நடுகல்லில் பொறிக்கப் பெயர் வேண்டும் என்றால் அந்தப் பெயர் இப்போதைக்கு உங்கள் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது.

1942இல் நடந்தே போனவர்களுக்கு நினைவிடம் உண்டா?

நான் அறிய இங்கே எதுவும் இல்லை. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ரங்கூனில் குண்டு விழுந்தது, மறு மார்ச்சில் நகரம் ஜப்பானியர் கைக்குப் போனது. லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். சிலர் தவுங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு, சிலர் தமு வழியாக மணிப்பூருக்கு, கடைசியாகக் கிளம்பியவர்கள் ஹூகாங் பள்ளத்தாக்கு வழியாக அசாமுக்கு. மழையும் மலேரியாவும் பசியும் வழியிலேயே ஆயிரமாயிரம் பேரைத் தின்றன. எண்ணிக்கை பற்றி ஆய்வாளர்களிடையே பெரிய வேறுபாடு இருக்கிறது. அவர்கள் நினைவாக என்ன செய்யலாம் என்று கேட்பவர்களிடம், தவுச்சான் வட்ட மண்டபத்தில் நிற்கும்போது அவர்களையும் சொல்லுங்கள் என்பேன்.

இப்போது பயணம் போவது பாதுகாப்பா?

2021க்குப் பிறகு நாட்டின் பல பகுதிகளில் சண்டை நடக்கிறது. கிளம்புமுன் உங்கள் நாட்டு அரசின் பயண அறிவுரையைப் படியுங்கள், யாங்கோனில் இருக்கும் தமிழர் யாரிடமாவது அந்த வாரத்து நிலவரம் கேளுங்கள். தன்பியூசயாத் பக்கம் போவதை அந்தந்த நேரத்து நிலையைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். சோதனைச் சாவடியைப் படம் எடுக்காதீர்கள். வயதானவரைக் கூட்டிவந்தால் ஒரு நாளில் இரண்டு இடம் வைக்க வேண்டாம்.

எங்களால் வரவே முடியாது. என்ன செய்வது?

ஆணையத்தின் பதிவில் உங்களவருக்கான பக்கத்தை அச்செடுத்து வீட்டுப் படத்தோடு மாட்டுங்கள். இங்கே தெரிந்தவர் யாராவது இருந்தால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பெரும்பாலும் யாரும் மறுக்கமாட்டார்கள். கேட்கும்போது பெயரை மட்டும் அனுப்பாமல், ஃபேஸ் எண், படைப்பிரிவு, படை எண், பதிவில் உள்ள அதே ஆங்கில எழுத்துக்கூட்டு, நாலையும் அனுப்புங்கள். வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தூணின் முன்னால் நிற்கும்போது நாங்கள் அந்தப் பெயரைத்தான் சொல்வோம்.